உங்களுக்குத் தெரியுமா? முகம் வரைந்த பெண்கள்

நம் தேவாரம் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நிலைக்கு மேலே ஒரு முகம் நம்மைப் பார்க்கும். தாத்தாவோ அப்பத்தாவோ இருப்பார்கள். கண்ணாடி மேல் காய்ந்த சந்தனப் பொட்டு, சட்டத்தில் பிளாஸ்டிக் மாலை, மேலே சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு. கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளிலும் டீக்கடைகளிலும் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் துரையின் படமும் சேர்ந்து தொங்கும். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் மூன்று தலைமுறைக் கதை வரும். படத்தை ஆக்கியவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்த இதழில் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் உருவப்படம் வரைந்தே பேர் வாங்கிய அமெரிக்கப் பெண்கள், அவர்களுக்குச் சளைக்காத நம் பக்கத்துப் பெண்கள் பற்றிய செய்திகள் இவை.

★ பூனைக்குப் பெயர் சீதா! வெள்ளை உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் தோளில் ஒரு கறுப்புப் பூனை. ‘சீதாவும் சரீத்தாவும்’ என்ற இந்த ஓவியம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1893-94இல் வரைந்தவர் பிலடெல்பியா நகரத்துச் சிசிலியா போ. சரீத்தா அவருடைய உறவுக்காரப் பெண், சீதா அந்தப் பூனை. படம் பிரான்ஸுக்கே போய்விடும் என்றானதும், தனக்கென்று 1921 வாக்கில் அதையே இன்னொரு முறை வரைந்து வைத்துக்கொண்டார். அந்த இரண்டாவது படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

★ சிசிலியா போ பிறந்தது 1855இல். பிறந்த பன்னிரண்டாம் நாளே தாய் இறந்துவிட்டார். துக்கம் தாங்காத தந்தை பிரான்ஸுக்குப் போய்விட, பாட்டியும் சித்தி, பெரியம்மாக்களும்தான் வளர்த்தார்கள். தாயின் முகத்தைப் பார்த்த நினைவே இல்லாத அந்தப் பெண், வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் முகங்களை வரைந்தார் என்பது என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி. தொடக்கத்தில் கிடைத்த வேலைகள் சாதாரணமானவை. நிலவியல் ஆய்வாளர்களுக்காகப் புதைபடிவங்களைப் பார்த்து அப்படியே வரைந்து கொடுத்தார். பீங்கான் தட்டுகளில் பணக்கார வீட்டுக் குழந்தைகளின் முகங்களைத் தீட்டி விற்றார். அந்தத் தட்டுகளைப் பிற்காலத்தில் நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கல்லாகிப்போன எலும்பின் ஒவ்வொரு வரியையும் உற்றுப் பார்த்துப் பழகிய கண்தான் பின்னால் மனித முகத்தையும் பார்த்தது. தன் அக்காவையும், அவர் மடியில் சாய்ந்திருந்த மகனையும் வைத்து வரைந்த முதல் பெரிய படம் 1887இல் பாரிஸ் கண்காட்சிவரை போனது. 1895இல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் அவரை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. அங்கே முழுநேர ஆசிரியரான முதல் பெண் அவர்தான். 1902இல் வெள்ளை மாளிகையிலிருந்து அழைப்பு வந்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மனைவியையும் மகள் எதலையும் ஒரே படத்தில் வரைந்தார். முதல் உலகப்போர் முடிந்ததும், போர்க்காலத் தலைவர்களை வரைய அமெரிக்கா ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஓவியர்களில் அவரும் ஒருவர். பிரான்ஸ் பிரதமர் கிளெமான்சோவை அவர் வரைந்தார்.

★ அதே அமெரிக்காவுக்கும் நம்ம பெரியகுளத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த டேவிட் கோய்ட் ஸ்கடர் என்ற இளைஞர் பெரியகுளத்தில் தங்கிப் பணி செய்தார். 1862 நவம்பரில் வைகையைக் கடக்கும்போது வெள்ளம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 27. மதுரையில் பிறந்த அவருடைய பெண் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. தாய் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அந்தக் குழந்தைதான் வைடா டட்டன் ஸ்கடர். வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் நாற்பது ஆண்டுபோல ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், தொழிலாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். தன் தந்தையை அவர் அறிந்தது வீட்டார் சொல்லக் கேட்டும் எழுத்தில் படித்தும்தான். வீட்டில் ஒரு படம் மாட்டி வைப்பது எதற்கு என்று யாராவது கேட்டால், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்லலாம்.

★ பெண் ஓவியர்கள் ஏன் அதிகமாக முகங்களையே வரைந்தார்கள்? விருப்பம் ஒரு காரணம், பூட்டிய கதவு இன்னொரு காரணம். போர்க்களமும் புராணமும் வரைய உடற்கூறு தெரிய வேண்டும். அதற்கு உயிருள்ள ஆளை ஆடையில்லாமல் நிறுத்தி வரைந்து பழக வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களை நெடுங்காலம் விடவில்லை. பிலடெல்பியாவில் பெண்களுக்கென்று தனி வகுப்பு 1868இல்தான் வந்தது. அதற்குப் பிறகும், பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் கோவணத்தை அகற்றியதற்காகத் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற பேராசிரியருக்கு 1886இல் வேலை போனது. பாரிஸின் புகழ்பெற்ற எகோல் தெ போசார் பள்ளி 1897இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முகம் வரைய இவ்வளவு தடை இல்லை. வீட்டு ஹாலில் அக்காவை உட்கார வைத்தே தொடங்கிவிடலாம்.

★ நல்ல நேரம் பார்த்துத் தொடங்கி, நல்ல நேரம் பார்த்து முடித்த ஓவியம் ஒன்று உண்டு! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கப் பெண் வரைந்த உருவப்படங்களில் இதைவிடச் சுவையான கதை வேறு எதற்கும் இல்லை.

1903ஆம் வருஷம். சீனாவை ஆண்டுகொண்டிருந்தவர் பேரரசித் தாய் சிசி. பாக்ஸர் கலவரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரைக் கொடூரமாகக் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்கத் தூதரின் மனைவி சாரா காங்கருக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்கு உங்கள் உண்மையான முகத்தை அனுப்புங்கள் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவரும் பாரிஸில் படித்தவருமான காத்தரின் கார்ல் அப்போது, சுங்கத் துறையில் வேலை பார்த்த தம் சகோதரரைப் பார்க்கச் சீனா வந்திருந்தார். வேலை அவருக்குக் கிடைத்தது.

முதல் கோடு எப்போது போடுவது என்று அரண்மனையில் பஞ்சாங்கம் பார்த்தார்கள். முடிக்கும் நேரத்தையும் அதே பஞ்சாங்கம்தான் குறித்தது. அரசி உட்காரும் நேரம் சொற்பம். மற்ற நேரங்களில் அரண்மனைப் பெண்கள் அவருடைய உடையை அணிந்து, அவர் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்தார்கள். பட்டின் பூவேலையும் முத்தும், விரல் நகங்களுக்கு மாட்டிய நீண்ட உறைகளும் அப்படித்தான் வரையப்பட்டன.

சிக்கல் நிழலில் வந்தது. மேற்கத்திய ஓவியன் முகத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் கொடுத்துத்தான் மூக்கையும் கன்னத்தையும் எழுப்புவான். பேரரசிக்கு முகத்தில் கறுப்பு விழக்கூடாது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சிங் செய்து, சுருக்கத்தையெல்லாம் எடுத்து முகத்தை வெளேரென்று ஆக்கிக் கொடுப்பார்களே, அதே எதிர்பார்ப்புதான். கார்ல் தன் படிப்பை ஓரம் வைத்துவிட்டு அரண்மனை மரபுக்கு இணங்கி வரைந்தார். அதில் தமக்கிருந்த வருத்தத்தை 1905இல் வெளியிட்ட நூலில் மறைக்கவில்லை. படத்தில் நேராக, அசையாமல் உட்கார்ந்திருக்கும் அரசிக்கு நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அப்போது அவருக்கு உண்மையில் 68.

மொத்தம் நான்கு படங்கள் வரைந்தார் கார்ல். கண்காட்சிக்குப் போன பெரிய படத்துக்கு, அரசியே வடிவம் சொல்லிக் கற்பூர மரத்தில் சட்டம் செதுக்க வைத்தார். படத்தை மஞ்சள் பட்டால் மூடி, அரசியே பயணம் போவதைப்போல மரியாதை செய்து அனுப்பினார்கள். சாமி படத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போது தரையில் வைக்காமல் கையிலேயே ஏந்தி வரும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதுமையாகத் தெரியாது. கண்காட்சி முடிந்ததும் அந்தப் படம் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகி, ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது.

கார்லைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, அரசி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டார் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உட்காருகிறவரின் ஆசைக்கும் வரைகிறவரின் கண்ணுக்கும் நடுவில் நடக்கும் பேரம் எல்லா உருவப்படத்திலும் உண்டு. இதில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

★ 1893, சிகாகோ உலகக் கண்காட்சி. நமக்கு அது விவேகானந்தர் பேசிய ஊர், ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி துணை நின்ற பயணம். அதே கண்காட்சிக்கு ராஜா ரவி வர்மாவின் 10 ஓவியங்கள் போயிருந்தன. எல்லாமே நம் நாட்டுப் பெண்களைக் காட்டிய படங்கள். பரிசும் வந்தது. ஆனால் இந்திய மக்களின் உடையையும் சாயலையும் துல்லியமாகக் காட்டியதற்காக என்றே பாராட்டினார்கள், ஓவியமாகப் பார்த்தது குறைவு. அதே வளாகத்தில் பெண்களுக்கென்று எழுப்பிய தனிக் கட்டடத்தை வடிவமைத்தவர் சோபியா ஹேடன் என்ற பெண். அதன் சுவரில் ‘நவீனப் பெண்’ என்ற மாபெரும் ஓவியத்தைத் தீட்டியவர் மேரி கசாட். கண்காட்சி முடிந்த பிறகு அந்த ஓவியம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

★ தன்னையே நடந்துபோகிற மாதிரி வரைந்துகொண்டவர் மார்கரெட் ஃபாஸ்டர் ரிச்சர்ட்சன். 1912ஆம் வருஷப் படம். மூக்குக்கண்ணாடி, வேலை அங்கி, கையில் தூரிகை, வேகமான நடை. நகை இல்லை, ஒப்பனை இல்லை. வேலைக்குப் போகிற பெண்ணின் முகம் அது.

★ துணி வெளுக்கும் பெண்ணுக்கும் ஓர் உருவப்படம். லாரா வீலர் வேரிங் (1887–1948) கறுப்பின ஓவியர், ஆசிரியர். 1927இல் அவர் வரைந்த ‘அன்னா வாஷிங்டன் டெரி’ என்ற படத்தில் உழைத்துத் தேய்ந்த ஒரு முதிய பெண் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சலவைத் தொழில் செய்தவர். பின்னணியில் மாளிகையோ திரைச்சீலையோ எதுவும் இல்லை. அந்தக் கண்களில் கெஞ்சலும் இல்லை, பெருமிதத்தைக் காட்டிக்கொள்ளும் முயற்சியும் இல்லை. அதே ஆண்டு ஹார்மன் அறக்கட்டளையின் பரிசு இதற்குக் கிடைத்தது. படத்தின் தலைப்பே அவருடைய முழுப்பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். ‘சலவைக்காரி’ என்று எழுதிவிட்டுப் போகவில்லை.

இந்தக் கட்டுரையில் வரும் படங்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே இதுதான். விடியுமுன்னே தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தூக்குவாளியோடு மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்களே நம் பெண்கள், அவர்களில் ஒருவரைப் பெயரோடு, ஒரு முழு ஓவியமாக, எந்தக் கூடத்திலாவது பார்த்திருக்கிறோமா? கூட்டமாக, முதுகில் மூட்டையோடு, தூரத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள் கிடைக்கும். முகத்துக்கு முன் உட்கார்ந்து ஒருவர் நேரம் செலவழித்த படம் வேண்டும். நம் பக்கத்திலிருந்து ஓவியக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

★ சிகாகோவில் ஒரு வெண்கலத் தமிழர்! மால்வினா ஹாஃப்மன் (1885–1966) ஓவியர் அல்லர், சிற்பி. ரோடினிடம் பயின்ற நியூயார்க்காரர். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம் உலக மனித இனங்களை ஒரே கூடத்தில் காட்ட நினைத்து வேலையை அவரிடம் கொடுத்தது. ஆசியாவெல்லாம் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட சிலைகள் செய்தார். 1933இல் கூடம் திறந்தது. மரம் ஏறும் தமிழர் ஒருவரும் அதில் உண்டு. உடம்பின் இறுக்கமும் முறுக்கும் அபாரம். ஆனால் அன்று அந்தக் கூடத்தில் அவர் ஒரு மனிதராக நிற்கவில்லை, ஓர் இனத்தின் மாதிரியாக நின்றார். மனிதரை இப்படி வகைபிரிப்பது அறிவியலே அல்ல என்று பின்னால் புரிந்து, 1960களின் இறுதியில் கூடத்தை மூடினார்கள். 2016இல் ஐம்பது சிலைகளை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, மாதிரியாக நின்றவர்கள் யார், பெயர் என்ன என்று தேடத் தொடங்கினார்கள். சலவைத் தொழிலாளிக்கு வேரிங் கொடுத்த மரியாதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

★ ஈழத்துத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன்தான் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்தவர். அவர் 1922இல் மணந்த ஸ்டெல்லா பிளாக், நியூயார்க்கில் வளர்ந்த ஓவியர், நடனக்காரர். குமாரசுவாமியோடு இந்தியா, இலங்கை, ஜாவா என்று சுற்றி ஆடற்பெண்களைக் கோட்டோவியமாக வரைந்தார்.

★ போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் வண்ணத்தில் இருக்கின்றன. தேவாரத்திலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். எத்தனையோ முகங்கள் அந்தச் சுவரில் இருந்தாலும் அவற்றை வரைந்தவர்களின் பெயர்களை ஊரில் யாரும் சொல்வதில்லை.

★ எகோல் தெ போசார் பெண்களுக்குக் கதவு திறந்தது 1897இல் என்றோம் அல்லவா? முப்பது வருஷத்துக்குப் பிறகு அங்கே படித்த ஒரு பெண்தான் அம்ரிதா ஷேர்கில். தந்தை பஞ்சாபி, தாய் ஹங்கேரி நாட்டவர். 1932இல் தன் தங்கை இந்திராவையும் ஒரு தோழியையும் உட்கார வைத்து வரைந்த ‘இளம் பெண்கள்’ அடுத்த ஆண்டு பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. அக்காவை வரைந்து தொடங்கிய சிசிலியா போவைப் போலவே இவருக்கும் முதல் மாடல் வீட்டுக்குள்தான் கிடைத்தார்.

1934 கடைசியில் இந்தியா திரும்பிய அம்ரிதா, 1936-37இல் தெற்கே வந்தார். அஜந்தாவைப் பார்த்தார், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களில் மனதைப் பறிகொடுத்தார், கன்னியாகுமரிவரை போனார். சிம்லா திரும்பிய பிறகு வரைந்தவைதான் ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்ற மூன்று படங்கள். பிரம்மச்சாரிகள் படத்தை நிதானமாகப் பாருங்கள்: ஐந்து இளைஞர்கள், வெற்று மார்பு, வெள்ளை வேட்டி. ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு பழுப்பு. கறுப்பை வெளுப்பாக்கிக் காட்டும் பழக்கம் நம் ஸ்டூடியோக்களிலும் காலண்டர்களிலும் ஊறிப்போயிருந்த காலத்தில், நம் நிறத்தை நம் நிறமாகவே வைத்து அழகு கண்டவர் இவர். 1941இல், 28 வயதில் லாகூரில் இறந்துபோனார். அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டதால் நாட்டை விட்டு விற்று அனுப்ப முடியாது. 1937இல் வரைந்த ‘கதைசொல்லி’ 2023இல் ₹61.8 கோடிக்கு ஏலம் போனது.

★ வரைந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோன படம்: 1945 ஏப்ரல் 12. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை உட்கார வைத்து எலிசபெத் ஷுமடோஃப் நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். தலை வலிக்கிறது என்று சாய்ந்த அதிபர் அன்றே இறந்தார். முகம் மட்டும் முடிந்திருந்த அந்தப் படத்தை அவர் மேற்கொண்டு தொடவில்லை.

★ அண்ணனை வரைந்த தங்கை யார் தெரியுமா? நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரின் கிளிமானூர் அரண்மனையில் பிறந்த மங்களாபாய் தம்புராட்டி, ராஜா ரவி வர்மாவின் தங்கை. ரவி வர்மா எண்ணெய் வண்ணம் கற்க ஆசைப்பட்டபோது, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார் என்றும் சொல்வார்கள். தங்கைக்கு அந்தத் தொழில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாய்மாமன் ஓவியர், இன்னொரு அண்ணன் ராஜ ராஜ வர்மாவும் ஓவியர். ஆனால் வீட்டைவிட்டு ஊர் ஊராகப் போய், அரசர்களையும் துரைகளையும் உட்கார வைத்து வரையும் வாய்ப்பு அண்ணன்மார் இருவருக்குத்தான் வாய்த்தது. மங்களாபாய் கிளிமானூரிலேயே இருந்து வரைந்தார். ரவி வர்மாவின் படங்கள் அச்சாகித் தெற்கெல்லாம் பூஜை அறைக்குள் நுழைந்துவிட்டன. அந்த ரவி வர்மாவின் முகத்தையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வைத்தவர் இந்தத் தங்கை என்பது பலருக்குத் தெரியாது.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 2023இல் திறந்த ராஜா ரவி வர்மா கலைக்கூடத்தில் அண்ணன்மார் படங்களோடு மங்களாபாயின் படங்களும் இருக்கின்றன. இங்கிருந்து கம்பம், குமுளி வழியாகக் கோட்டயம் போய் ரயில் பிடிக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.